தம்மாமிலிருந்து சீன டிரெயில் பைக்கைக் கொண்டு வரலாமா?

கேள்வி, கீழக்கரை வாசகர், 9 மே 2025

அண்ணே, எங்க காக்கா (அண்ணன்) சவுதியில் தம்மாமில் வேலை பார்க்கிறார். அங்கே சீனாவில் செய்த 250 டிரெயில் பைக் ஒன்றை இரண்டு வருடமாக ஓட்டுகிறார். விலை குறைவு, எடை குறைவு, மணலில் நன்றாகப் போகிறது என்கிறார். இந்த வருடக் கடைசியில் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வருகிறார். வண்டியையும் கொண்டு வரலாமா? இல்லை, இங்கேயே ரோட்டிலும் மண்தடத்திலும் ஓடுகிற பழைய டூயல் ஸ்போர்ட் வண்டி ஒன்றைப் பார்க்கலாமா? ஓட்டமெல்லாம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம்தான். உங்களிடம் அந்த மாதிரி ஹீரோ இம்பல்ஸ் பைக் இருக்கிறது என்றார்கள், அதனால் கேட்கிறேன்.

11 மே 2025

கொண்டு வர வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். வெளிநாட்டில் ஓட்டிய வண்டியை இங்கே இறக்க வேண்டுமென்றால் அது செய்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஹெட்லைட் நம் ஊர் இடதுபக்கப் போக்குவரத்துக்கு ஏற்றபடி அடிக்க வேண்டும். இந்த மாதிரி விதிகள் வரிசையாக இருக்கின்றன. கப்பல் கூலி, சுங்க வரி, சோதனைச் செலவு எல்லாம் கூட்டினால் வண்டி விலையைத் தாண்டிவிடும். விலை குறைவு என்பதுதான் அந்த வண்டியின் பெரிய குணம். அது துறைமுகத்திலேயே போய்விட்டால் மிச்சம் என்ன?

வண்டியைக் குறை சொல்லவில்லை. அந்த மாதிரி வண்டிகள் பலவற்றில் 250 என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது 229 சிசி. ஹோண்டா 1970களில் கொண்டுவந்த சிஜி 125 இன்ஜினின் வழியில் வந்த, புஷ்ராட் (வால்வைத் தள்ளித் திறக்கும் கம்பி) வைத்த ஏர்கூல்டு இன்ஜின், அதாவது காற்றிலேயே குளிர்வது. கவனிப்பு குறைந்தாலும் தாங்க வேண்டும் என்று யோசித்துச் செய்த அமைப்பு அது. அமெரிக்காவில் அதை வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரித்ததும் எல்லா நட்டையும் ஒருமுறை முறுக்கி, ஸ்போக்கைச் சரிபார்த்து, கார்புரேட்டர் ஜெட்டை மாற்றிவிட்டுத்தான் சாலையில் இறக்குவார்கள். கை வேலை தெரிந்தவனுக்கு அது நல்ல வண்டி. ஆனால் உதிரிபாகம் தபாலில் வரும் ஊரில்தான் நல்ல வண்டி. ஏர்வாடியில் கிளட்ச் கேபிள் அறுந்தால் யாரிடம் போவீர்கள்?

என் பிழைப்பு படகு இன்ஜின் வேலை. வாலிநோக்கம், முந்தல், மாரியூர், ஒப்பிலான், மூக்கையூர் என்று கரையில் எங்கே இன்ஜின் நின்றாலும் கூப்பிடுவார்கள். சாமான் பை இருபது கிலோ வரும். 2018இல் மதுரையில் ஒருவரிடம் 2012 மாடல் ஹீரோ இம்பல்ஸை 32,000 ரூபாய்க்கு வாங்கினேன். 149 சிசி, சுமார் 13 குதிரைசக்தி, 134 கிலோ. முன் சக்கரம் 19 அங்குலம், பின் சக்கரம் 17. பிரேசிலில் ஹோண்டா விற்ற பிராஸ் என்ற வண்டிதான் இதற்கு மூலம். அதனால் இதுவும் ஒரு வகையில் கடல் தாண்டி வந்த உருவம்தான். ஏழு வருடமாக இதில்தான் என் சோறு.

13 மே 2025

நேற்று இரவு யோசித்தேன். ஒன்றை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் தார் ரோட்டிலேயே போய் வருகிறவர் என்றால் டூயல் ஸ்போர்ட் எதற்கு? எங்கள் கரையில் மீன் ஏற்றுகிறவர்களில் பெரும்பாலோர் டிவிஎஸ் எக்ஸ்எல்தான் வைத்திருக்கிறார்கள். பின்னால் ஐஸ் பெட்டி, முன்னால் கூடை, நடுவில் ஆள். மணலில் புதைந்தால் இறங்கி ஒரு கையால் தூக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எடை குறைவாக இருப்பதைப் போன்ற வசதி வேறு எதுவும் இல்லை.

எனக்கு எக்ஸ்எல் போதாமல் போனது இரண்டு காரணத்தால். உப்பளக் கரைமேல் போகும்போது வண்டிச் சக்கரம் பதிந்த பள்ளத்தில் சின்னச் சக்கரம் விழுந்தால் ஹேண்டில் பிடுங்கிக்கொண்டு போகும். அப்புறம், சாமான் பையோடு ஓடை மணலைத் தாண்டும்போது நின்றுகொண்டு ஓட்ட வேண்டும். எக்ஸ்எல்லில் நின்று ஓட்ட முடியாது. இந்த இரண்டும் உங்களுக்குத் தேவையில்லை என்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

20 மே 2025

மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். மற்றவர்களுக்கு ஓய்வு, எனக்குத்தான் வேலை அதிகம். இடையில் கிடைத்த நேரத்தில் எழுதுகிறேன்.

இந்தக் கரையில் வண்டியைக் கொல்வது மேடு பள்ளம் கிடையாது. உப்பு. கடலில் இறக்க வேண்டும் என்றுகூட இல்லை. கச்சான் காற்று அடிக்கிற நாளில் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தாலே காலையில் சீட்டைத் தடவினால் பிசுபிசு என்றிருக்கும். அந்தப் பிசுபிசுப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரும்பு காயவே காயாது. முதலில் போவது ஸ்போக்கின் அடி, அதை முறுக்கும் சின்ன நட்டான நிப்பிள் நுழையும் இடம். அடுத்து செயின் அட்ஜஸ்டர் போல்ட், சைலன்சரின் அடிப்பக்கம், பேட்டரி முனை, டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் நகர்கிற கம்பி (பின்). காலிப்பர் பின் இறுகிவிட்டால் பிரேக் பேட் ஒரு பக்கமே தேயும். என் வண்டியில் இரண்டு முறை அப்படி ஆனது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின்னைக் கழற்றி, துடைத்து, பிரேக்குக்கு உரிய கிரீஸ் போட்டுவிடுகிறேன்.

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாருக்கு என்ன செய்கிறோம்? கடலிலிருந்து எடுத்ததும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டி உப்பைக் கழுவுகிறோம். பைக்குக்கும் அதேதான் மருந்து. தினமும் சாயங்காலம் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர் தண்ணீர் கூடாது. எங்கள் பக்கம் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உப்பின்மேல் இன்னொரு உப்பு.

22 மே 2025

சாயல்குடியிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார்: "தினமும் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்கிறீர்கள். நாங்கள் குடிக்கவே குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிறோம். பைக்குக்கு எங்கே போவது?"

அவர் சொல்வது சரி. நான் எழுதியது தவறு. எங்கள் வீட்டிலும் காவிரித் தண்ணீர் வருகிற நாளை எண்ணித்தான் அண்டாவை நிரப்புகிறோம். என் அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றிக் கொண்டு வந்தவர். குடத்துத் தண்ணீரை நான் வண்டிமேல் ஊற்றுவதை ஒருநாள் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றோடு வாளி வைத்துக் கழுவுவதை விட்டேன். அதை விட்டுவிட்டு உங்களுக்கு மட்டும் தினமும் கழுவுங்கள் என்று எழுதியிருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் நான் செய்வது இது. செடிக்கு மருந்தடிக்கும் சின்னக் கை ஸ்பிரேயர் ஒன்று இருக்கிறது, இரண்டு லிட்டர் பிடிக்கும். அரிசி கழுவின தண்ணீரை ஊற்றாதீர்கள், பிசின் ஒட்டும். குளித்து மிஞ்சிய சோப்புத் தண்ணீரும் வேண்டாம். நல்ல தண்ணீர் ஒன்றரை லிட்டர் போதும். ஸ்போக், செயின் பக்கம், காலிப்பர், சைலன்சர் அடி, இன்ஜினின் குளிர்த் தகடுகளுக்கு நடுவே என்று உப்பு தங்கும் இடத்தில் மட்டும் அடித்து உடனே பழைய கைலித் துணியால் துடைக்க வேண்டும். டேங்க், சீட்டுக்கு ஈரத்துணி போதும். அதுவும் வாரம் இருமுறைதான். கடலோரமே போய் வந்த நாள் என்றால் அன்று இரவே.

ஐப்பசி மழையில் வண்டியை வெளியே விட்டுவிடுவேன். வானம் கழுவித் தருகிறபோது நமக்கென்ன செலவு.

2 ஜூன் 2025

ராமநாதபுரம் பக்கம் வண்டி வேலைக்கு விட்டால் அடிச்சட்டத்துக்குப் பழைய இன்ஜின் ஆயிலைப் பிரஷ்ஷில் அடித்துத் தருவார்கள். நானும் மூன்று வருடம் அடித்தேன். துரு பிடிக்காது என்பது சரிதான். ஆனால் எங்கள் தடத்தில் பறக்கிற மணல் அதில் ஒட்டி, செயின் பக்கம் போய், அரைக்கிற பசை மாதிரி ஆகிவிடுகிறது. ஸ்பிராக்கெட் பல் பதினோராயிரம் கிலோமீட்டரிலேயே சுறா பல்லாகக் கூர்ந்துவிட்டது.

இப்போது ஆயில் சட்டத்தின் உள்குழாய்க்குள் மட்டும். தண்ணீர் வடிகிற துளை வழியே ஊற்றி, வண்டியைச் சாய்த்துச் சாய்த்து ஓடவிட்டு, வடியவிடுகிறேன். வெளியே சாதாரண பெயிண்ட். உரிந்த இடத்தைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே கறுப்பு. செயினுக்கு 90 நம்பர் கியர் ஆயில், அடித்துப் பத்து நிமிடம் கழித்து நன்றாகத் துடைத்துவிட வேண்டும். வெளியே பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ரோலரில் ஆயில் இருக்கும். அப்படி இருந்தால் மணல் ஒட்டாது.

7 ஜூன் 2025

தனுஷ்கோடி மணலில் ஓட்டலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

கூடாது. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

2017இலிருந்து அரிச்சல்முனை வரை நல்ல ரோடு இருக்கிறது. ரோட்டிலேயே போய் ரோட்டிலேயே வாருங்கள். 1964 புயலில் போன ஊரின் மிச்சமும் ரோட்டோரத்திலேயே தெரியும். அந்த மணலில் பங்குனி ஆமை ஏறி முட்டையிடுகிறது. வனத்துறை முட்டைகளை எடுத்துப் பாதுகாத்துப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. எடுக்காமல் விட்டுப்போன குழி எங்கே இருக்கிறது என்று பைக் ஓட்டுகிறவனுக்குத் தெரியுமா? இரண்டு நாள் முன்பு, ஜூன் 5 அன்று, பூநாரைகளுக்காக அங்கே சரணாலயம் என்று அரசு அறிவித்திருக்கிறது. அந்தச் சேற்றுத் திட்டில் டயர் தடம் விழுந்தால் மாதக்கணக்கில் அழியாது.

மணலில் பழக வேண்டுமானால் ஊருக்குள் வறண்டு கிடக்கும் ஓடை இருக்கிறது. ஊராரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அங்கே ஓட்டுங்கள். வலை காயப்போட்டிருக்கிற கரையிலும் ஏற்றாதீர்கள். ஒரு வலையின் விலை உங்கள் வண்டி விலையைத் தாண்டும்.

19 ஜூன் 2025

தடைக்காலம் முடிந்தது. நாலு நாளாக வேலை குறைவு. இன்று முள் பற்றி எழுதிவிடுகிறேன், இதுதான் பெரிய விஷயம்.

கருவை. வேலிக்கருவை என்றாலும் சீமைக் கருவேலம் என்றாலும் ஒன்றுதான். எங்கள் மாவட்டத்தில் அது இல்லாத தரிசு கிடையாது. கரிமூட்டத்துக்கு விறகு வெட்டிக் கொண்டுபோன தடத்தில் முள் உதிர்ந்து கிடக்கும். பச்சையாக இருக்கும்போது வளையும். காய்ந்தபின் ஆணி. டூயல் ஸ்போர்ட் டயரின் கட்டைகள் பெரியவை, நடுவே உள்ள பள்ளத்தில் ரப்பர் மெல்லியது. முள் சரியாக அங்கேதான் ஏறும். ஸ்போக் சக்கரம் என்பதால் டியூப். டியூப்லெஸ் மாதிரி முள்ளோடு ஊருக்கு வந்து சேர முடியாது.

கருவை முள்ளின் கெட்ட குணம், நுனி டயருக்குள் ஒடிந்து தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. டியூபை ஒட்டி மாட்டுவோம், இரண்டு நாளில் அதே இடத்தில் மறுபடி இறங்கும். பஞ்சர் போட்டவரைத் திட்டுவோம். அவர்மேல் தப்பு இல்லை. டயரின் உள்பக்கத்தைப் பழைய பனியன் துணியால் சுற்றிலும் துடைத்துப் பார்க்க வேண்டும். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே நுனி இருக்கிறது. விரலால் தடவாதீர்கள், நகக்கண்ணில் ஏறினால் மூன்று நாள் ஸ்பேனர் பிடிக்க முடியாது. நுனியை உள்ளிருந்து பிடுங்க முடியாவிட்டால் வெளியிலிருந்து மெல்லிய ஆணியை வைத்துத் தட்டினால் உள்பக்கம் எட்டிப் பார்க்கும். குறடால் இழுத்துவிடலாம்.

2021இல் ஒருநாள் மாரியூர் தாண்டி ஒரே மத்தியானத்தில் மூன்று முள். ஒட்டுத்துண்டு தீர்ந்துவிட்டது. ஒரு படகு கடலுக்குப் போகக் காத்திருந்தது, கியர் பெட்டி என் பையில். வண்டியை ஒரு பனை நிழலில் விட்டுவிட்டுப் பையைத் தோளில் போட்டு நடந்தேன். வழியில் கருப்பட்டி காய்ச்சும் கொட்டிலில் ஒரு அம்மா பதநீர் கொடுத்து உட்காரச் சொன்னார். அவர் வீட்டுப் பையன் சைக்கிள் டியூபை வெட்டி, அதை என் டயருக்கும் டியூபுக்கும் நடுவில் பட்டையாக வைக்கலாம் என்று யோசனை சொன்னான். அன்று சிரித்தேன். பிறகு செய்து பார்த்தேன். இன்றுவரை அதுதான் என் வண்டியில் இருக்கிறது, பின் சக்கரத்தில், பழைய மோட்டார்சைக்கிள் டியூபின் வெளிப்பக்கத்தை நீளமாக வெட்டி வைத்தது. முள் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்தது. அந்தப் பையன் இப்போது ஐடிஐ படிக்கிறான்.

பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: டயர் லிவர் மூன்று (இரண்டு போதாது), முன் டியூப் ஒன்று, கை பம்ப், ஒட்டுத்துண்டு, உப்புத்தாள், பனியன் துணி. முன் டியூபை அவசரத்துக்குப் பின்னாலும் திணித்து ஊர் வந்து சேரலாம். பின் டியூபை முன்னால் போட்டால் மடிந்து கிழியும்.

20 ஜூன் 2025

சொல்ல மறந்தது: இம்பல்ஸின் முன் டயர் 90/90-19. பழைய கிளாசிக் புல்லட்டின் முன் டயரும் அதே அளவு. ராமநாதபுரத்தில் எந்த டயர் கடையிலும் கிடைக்கும். ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் என்றால் 21 அங்குலம், என்ஃபீல்டு ஹிமாலயனின் அளவு. அதையும் சொல்லி வைத்தால் இரண்டு நாளில் வரவழைத்துத் தருகிறார்கள். சீன 250களிலும் பெரும்பாலும் முன்னால் 21, பின்னால் 18தான். ஆக டயர் விஷயத்தில் உங்கள் காக்கா வண்டிக்குக் கூட இங்கே வழி உண்டு. இன்ஜினுக்குத்தான் இல்லை.

6 ஜூலை 2025

போன வாரம் ஒரு தம்பியிடம் மணலில் டயர் காற்றை 12 பிஎஸ்ஐ வரை இறக்கலாம் என்று போனில் சொல்லியிருந்தேன். அவர் இறக்கியிருக்கிறார். ரிம்மின்மேல் டயர் நழுவி, டியூபின் வால்வு வேரோடு கிழிந்துவிட்டது. கிழிந்த வால்வை ஒட்ட முடியாது. இந்தச் செலவுக்கு நான்தான் காரணம், புது டியூப் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

திருத்தம்: டயரை ரிம்மோடு பிடித்து வைக்கும் ரிம் லாக் இந்த வண்டிகளில் கிடையாது. முன்னால் 18, பின்னால் 20க்குக் கீழே இறக்காதீர்கள். மணல் தாண்டியதும் மறுபடி அடித்துவிடுங்கள். வால்வு அடியில் உள்ள நட்டை ரிம்மோடு ஒட்ட முறுக்காமல் வால்வு மூடி பக்கம் ஏற்றிவிடுங்கள். டியூப் நழுவ ஆரம்பித்தால் வால்வு சாய்ந்து நின்று காட்டிக்கொடுக்கும்.

25 ஜூலை 2025

நேற்று ஆடி அமாவாசை. அம்மாவைச் சேதுக்கரைக்குக் கூட்டிப்போனேன், அப்பாவுக்குத் திதி.

இந்த வண்டியில் அம்மா ஏறுவது பெரிய வேலை. சீட் உயரம். வாசல் திண்ணை ஓரமாக நிறுத்தி, திண்ணைமேல் நின்று ஏறுவார். சேலை கார்டும் பக்கவாட்டுக் கால்மிதியும் வெல்டிங் பட்டறையில் தனியாகச் செய்து மாட்டியது, சைலன்சர் மேலே தூக்கியிருப்பதால் அந்தப் பக்கம் எதுவும் வைக்க முடியாது. திரும்பும்போது திண்ணை இல்லை. திருப்புல்லாணி சாலைக் கூட்டத்தில் ஒரு போலீஸ்காரர் கை கொடுத்து ஏற்றிவிட்டார். "என்ன தாயி, மகன் குதிரை வாங்கி வச்சிருக்கானா?" என்று கேட்டார். அம்மா வீடு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் வாங்குவதற்கு முன் அவர்களை ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

17 ஆகஸ்ட் 2025

பாம்பன்காரர் ஒருவர் கேட்டார், படகுக்குத் துத்தநாகக் கட்டி வைப்பதுபோல் பைக் சட்டத்திலும் வைத்தால் துரு வராதா என்று. எனக்கும் அந்த ஆசை வந்ததுண்டு, 2019இல் வைத்தும் பார்த்தேன். பயனில்லை. கட்டியும் இரும்பும் ஒரே தண்ணீரில் முழுகி இருந்தால்தான் கட்டி தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கும். காற்றில் நிற்கிற வண்டியில் அந்த மின்சுற்று முடிவதே இல்லை. கட்டி அப்படியே இருந்தது, பக்கத்திலேயே போல்ட் துருப்பிடித்தது. துத்தநாகம் பூசிய போல்ட் வாங்கிப் போடுங்கள், அந்தப் பூச்சு வேலை செய்யும்.

31 ஆகஸ்ட் 2025

பெட்ரோல். இப்போது பம்பில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கார்புரேட்டர் வண்டியைப் பத்து நாள் நிறுத்திவிட்டு எடுத்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் கிண்ணத்தின் அடியில் தண்ணீர்க் குமிழியும் வெள்ளைப் பொடியும் பார்க்கிறேன். பழைய பெட்ரோல் குழாய் ஊறித் தடித்துவிடுகிறது.

நான் செய்வது: டேங்கைப் பாதி காலியாக நிறுத்தி வைப்பதில்லை, ரொப்பி வைக்கிறேன். பத்து நாளுக்கு மேல் நிற்குமென்றால் பெட்ரோலை அடைத்து, கிண்ணத்தின் அடித் திருகாணியைத் திறந்து வடித்துவிடுகிறேன். குழாயை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிட்டேன். வெளிநாடு போகும் பிள்ளைகள் வீட்டில் வண்டியை விட்டுப் போகும்போது இதைச் செய்யச் சொல்லுங்கள், கீழக்கரையில் ஷெட்டுக்குள் இப்படிக் கெட்டுப்போன வண்டி நிறையப் பார்த்திருக்கிறேன்.

உதிரிபாகம் பற்றியும் கேட்டீர்கள். இம்பல்ஸ் விற்பனை நின்று பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் இன்ஜின் ஹீரோவின் ஹங்க், சிபிஇசட் எக்ஸ்ட்ரீம் பைக்குகளின் குடும்பம். பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட்டுக்கு இதுவரை நான் ராமநாதபுரம் தாண்டியதில்லை. வெளி உடம்புதான் கஷ்டம்: முன் மட்கார்டு, பக்கத்து மூடி, ஹெட்லைட் கூடு. ஹெட்லைட் கூடு உடைந்தபோது ஃபைபர் படகு செய்கிறவரிடம் கொடுத்து ஒட்டி வாங்கினேன். படகுக்கு ஒட்டுகிற பாயும் ரெசினும்தான். முன்பைவிட உறுதி.

24 செப்டம்பர் 2025

கணக்கு மாறிவிட்டது. 22ஆம் தேதியிலிருந்து 350 சிசி வரை பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆகிவிட்டது. மே மாதம் பழைய வண்டியே வாங்குங்கள் என்ற நினைப்பில் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது புது எக்ஸ்பல்ஸ் 200ஐயும் விலை கேட்டுப் பாருங்கள். ஐந்து, ஆறு வயதான எக்ஸ்பல்ஸுக்குப் பழைய விலையே சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பேரம் பேசலாம்.

எக்ஸ்பல்ஸ் 210 வந்திருக்கிறதே என்கிறீர்கள். ஓட்டிப் பார்த்தேன், இன்ஜின் அருமை. அது தண்ணீரில் குளிரும் இன்ஜின். ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகளை உப்பு என்ன செய்யும் என்று படகில் நிறையப் பார்த்தவன் நான். நெடுஞ்சாலையில் தூரம் போகிறவருக்கு அது சரி. கரையிலேயே கிடக்கிற வண்டிக்கு என் மனசு ஏர்கூல்டு பக்கம்தான் நிற்கிறது.

12 அக்டோபர் 2025

கீழக்கரைத் தம்பி போன் செய்தார். காக்கா தன் வண்டியைத் தம்மாமிலேயே ஒரு பாகிஸ்தானி நண்பருக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாராம். பரமக்குடியில் 2013 இம்பல்ஸ் ஒன்று வந்திருக்கிறது, தேனியிலிருந்து வாங்கியது. மூன்று பேருமாகப் போய்ப் பார்த்தோம்.

தேனி வண்டி என்பதே பாதி நிம்மதி. கடலோரத்திலேயே வளர்ந்த வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் டேங்கைக் கழற்றிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. நான் பார்த்த இடங்கள்: டேங்கின் அடியில் சட்டம் இணையும் மூலை, ஸ்விங் ஆர்மின் அடிப்பக்கம், டார்ச் அடித்து டேங்கின் உள்ளே, ஃபோர்க் குழாயில் புள்ளிப் புள்ளியாகத் துரு, ஒவ்வொரு ஸ்போக்காகச் சின்ன ஸ்பேனரால் தட்டினால் வரும் சத்தம். இறுகிய ஸ்போக் கணீர் என்னும், தளர்ந்தது தொப் என்னும். பின் சக்கரத்தில் நாலு தொப். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நேராக வரும் இடத்தில் ஒரு கடிப்பு, ஆகவே ஹேண்டில் சுழலும் கோன் செட் (பேரிங்) போய்விட்டது. இரண்டையும் சொல்லி மூவாயிரம் குறைத்தோம்.

ஆர்சி 2028 வரை இருக்கிறது. பிறகு தகுதிச் சோதனைக்குக் காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் விற்றவர் கையெழுத்தை அங்கேயே வாங்கச் சொன்னேன். பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள், தம்பி. விற்றவர் வெளியூர் போய்விட்டால் அலைச்சல்.

காக்கா பரமக்குடியிலிருந்து தானே ஓட்டி வந்தார். சத்திரக்குடியில் டீ குடிக்க நிறுத்தியபோது கேட்டேன். "தம்மாம் வண்டிக்கு இழுவை அதிகம், இது பின்னால் தள்ளுவதே இல்லை, ஆனால் கை நடுங்கவில்லை" என்றார். சரியாகச் சொன்னார். 13 குதிரைதான். ஆனால் நாள் முழுக்க அதே 13 குதிரை.

2 நவம்பர் 2025

மழை பிடித்துவிட்டது. கண்மாய்க் கரைக் களிமண்ணில் இன்று இரண்டு ஸ்பிளெண்டர் நின்று போயின, மட்கார்டுக்குள் மண் அடைத்துச் சக்கரமே சுற்றவில்லை. நம் வண்டியின் முன் மட்கார்டு உயரத்தில் இருப்பதன் பலன் இந்த இரண்டு மாதம்தான் தெரியும்.

சாயல்குடி அக்காவுக்கு: வண்டியை மழையில் விட்டிருக்கிறேன், ஒரு சொட்டுக் குடத்துத் தண்ணீர் செலவில்லை.

கீழக்கரைத் தம்பிக்கு: கோன் செட் வந்துவிட்டது, இருபத்தேழு நம்பர் ஸ்பேனர் என்னிடம் இருக்கிறது, வாங்க வேண்டாம். பின் டயருக்குள் வைக்கப் பழைய டியூபும் வெட்டி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை ஏர்வாடியில் ஒரு வல்லத்துக்கு (நாட்டுப்படகு) வேலை இருக்கிறது. மத்தியானம் காக்காவையும் கூட்டிக்கொண்டு அங்கே வாருங்கள், இரண்டையும் மாட்டிவிடலாம். டயர் லிவர் எடுத்து வர மறக்காதீர்கள். மூன்று.